மேல்மாடிப் பெட்டிக்கு எதிரான மனு

இடுப்பில் அந்த இடம் இன்னும் இருக்கிறது. வலது பக்கம், பெல்ட் போடுகிற இடத்துக்கு நாலு விரல் மேலே. அழுத்தினால் கால் பெருவிரல் வரை ஒரு கம்பி இழுக்கும். முப்பது வருஷமாகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். மூட்டை ஒருநாளும் எனக்கு இப்படிச் செய்ததில்லை. மூட்டைக்கு ஒரு நியாயம் உண்டு. முதுகில் ஏறியதும் முதுகுக்கு ஏற்ப வளைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். என் இடுப்பை உடைத்தது இரும்புப் பெட்டி. எங்கே பிடித்தாலும் விளிம்பு. அதையும் நான் கூலிக்குத் தூக்கவில்லை. சகலைக்காகத் தூக்கினேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, மாடியில் இருக்கிறான். நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன் 'அவன்'தான். ஒரு வங்கி கழித்துப்போட்ட சர்வரை ஏலத்தில் எடுத்து வந்து வாசலில் இறக்கினான். என் மார்பு உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அதில் அடுக்கடுக்காகப் பெட்டிகள், கூடவே பதினாறு பேட்டரி. லாரிக்காரன் இறக்கியதோடு போய்விட்டான்.

"ஆள் வெச்சுக்கலாமான்னு பார்த்தேண்ணே" என்று தலையைச் சொறிந்தான்.

"எதுக்கு ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சொன்னது என் வாய்தான். இருபத்திரண்டு படி. பதினேழாவது படியில் இடுப்பில் ஏதோ ஒன்று 'சடக்' என்றது. அலமாரியைக் கீழே போடவில்லை. போட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று அவனையே கேட்டேன். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் செல்போனில் எதையாவது தட்டினால், அது வந்து விழுகிற இடம் இதுதானாம். விழுந்ததைப் பத்திரமாக வைத்திருப்பதற்குக் கம்பெனிகள் அவனுக்கு மாதாமாதம் வாடகை கொடுக்கின்றன. காலையில் பல் தேய்த்துக்கொண்டே பெட்டியை ஒரு பார்வை பார்ப்பான். பச்சை விளக்கு எரிந்தால் அன்றைய வேலை முடிந்தது. அவன் தூங்கும்போதும் பெட்டி சம்பாதிக்கிறது. நான் தூங்கும்போது என் இடுப்பு மட்டும் விழித்திருக்கிறது.

பெட்டி போடுகிற சத்தம் எங்கள் கூரைக்குள் இறங்கி, ஆலை ஒன்றின் அடியில் குடியிருப்பது போல இருக்கும். அதற்குச் சூடு ஆகாது என்று தனியாக ஓர் ஏசி. அந்த ஏசி உயிர் பெறும்போதெல்லாம் கீழே எங்கள் விளக்கு ஒரு நொடி மங்கி, மேலே பெரியவர் ஒருவர் வந்ததுபோல் தலை குனிந்து நிமிரும். பெட்டி கக்குகிற வெப்பம் சன்னல் வழியாக எங்கள் கொடிக்கு வரும். என் மனைவிக்குத் துவைத்த துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். "தங்கச்சி வீட்டுக்காரர் புண்ணியத்துல" என்பாள். வெயில் நாளில் "அவளை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று படியேறுவாள். இரண்டு மணி நேரம் கழித்துக் குளிர்ந்த கையோடு இறங்கி வந்து என் இடுப்பில் தைலம் தேய்ப்பாள். சுகமாக இருக்கும். அந்தச் சுகமும் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்ததும் வயிறு எரியும்.

இடுப்புக்குப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "இனிமே எடை தூக்கக் கூடாது" என்றார்.

"தூக்கலேன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்றதுங்க?"

"அது என் துறை இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது என் துறை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்னறையில் ஒரு மாவு அரைக்கிற மெஷின். எங்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு தெருவுக்கும் மெஷின் கிடையாது. உட்கார்ந்தே செய்யலாம், தானியத்தை ஆட்களே தூக்கிக்கொண்டு வருவார்கள், மாவை அவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள். முப்பது வருஷம் நான் மற்றவர்களுக்குத் தூக்கியதற்கு இது ஒரு பதில் மாதிரி இருந்தது. பழைய மெஷின் ஒன்றைப் பேசியும் வைத்துவிட்டேன். அதற்குச் சாதாரண வீட்டு லைன் போதாது, கூடுதல் லோடு வேண்டும். மின்வாரியத்தில் மனு கொடுத்தேன்.

மின்வாரிய அலுவலகத்தின் கூடத்தில் பகலிலும் முப்பது குழல் விளக்குகள் எரியும். அவற்றின் வெளிச்சத்தில்தான் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற பலகையைப் படிக்க முடியும். அந்த முதல் வருஷம் நான் போன பதினான்கு தடவையும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி போகும். ஒவ்வொரு தடவையும் பொறியாளர் ஒரே பதிலைச் சொல்வார்: "உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு இல்ல."

ஒருநாள் பொறுக்க முடியாமல், "மின்சாரம் கொடுக்கத்தானே சார் வாரியம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல் சொன்னார். "எல்லாரும் பண்ற தப்பு இது. நாங்க மின்சாரம் கொடுக்கிற வாரியம் இல்லீங்க. இணைப்பு கொடுக்கிற வாரியம். அந்த இணைப்புல மின்சாரம் வருதா வரலையாங்கிறது வேற பிரிவு. வரலேன்னு புகார் வந்தா அதைப் பதிவு பண்றது இன்னொரு பிரிவு. பதிவானதைத் தீர்க்கிறதுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்கணும்னு எழுதியிருக்கோம்."

"எப்ப எழுதினீங்க சார்?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி."

இப்படியே ஒரு வருஷம் போனது. ஒருநாள் சாயந்தரம் கிடங்கிலிருந்து வந்தால், வாசல் கம்பத்திலிருந்து மேல்மாடிக்கு என் கட்டைவிரல் தடிமனில் புதுக் கேபிள் ஏறியிருக்கிறது. சகலை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேபிளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"லோடு குடுத்துட்டாங்கண்ணே! இன்னும் ரெண்டு பெட்டி கூடப் போடலாம். இதுல கூத்து என்னன்னா, நான் மனுவே எழுதி முடிக்கல. பாதிதான் எழுதினேன். அவங்களா வந்து இழுத்துக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நல்லது சகல" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினாறு பேட்டரி தூக்கிய மூச்சு செலவானது.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, இடுப்பா?"

"இடுப்புதான்."

"இடுப்பு வலிக்கு ஏன் கூரையவே முறைச்சுப் பார்க்கறீங்க?"

"அவனுக்கு மட்டும் எப்படிடீ லோடு வருது? நான் பதினாலு தடவை போயிருக்கேன். அவன் அரை மனு எழுதியிருக்கான். அரை மனு!"

"பொறாமைய மூட்டை கட்டித் தூக்கினா கூலி உண்டுன்னு வெச்சுக்குங்க, இந்நேரம் நாம ரெண்டு மாடி வீடு கட்டியிருப்போம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் அந்தக் கேபிளுக்குக் கீழே போய் வந்தேன். தினமும் காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. நடுவில் வாரியத்துக்கும் நாலு தடவை போனேன்; லோடு இல்லை என்ற அதே பதில்தான். புதுப் பெட்டிகள் இரண்டு வந்தன. இந்தத் தடவை ஆள் வைத்து ஏற்றினான். என் இடுப்பை நினைத்துத்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கிடங்கில் ஒருநாள் பேச்சுவாக்கில் யாரோ சொன்னார்கள்: வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் வாரியம் சும்மா விடாது, புகார் போனால் அன்றைக்கே லைனைப் பிடுங்கிவிடும் என்று. இடுப்பு வலி அன்று முழுக்கத் தெரியவில்லை.

வாரியத்தில் புகாரைக் காகிதத்தில் வாங்கமாட்டார்கள். இணையத்தில்தான் போட வேண்டும். கடைத்தெருக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பெண் தட்டிக் கொடுத்தாள்.

"என்னன்னு போடட்டும் சார்?"

"வீட்டு லைன்ல வியாபாரம் பண்றான்னு போடும்மா."

"யாரு?"

"சகலை."

"சகலைன்னு போட முடியாது சார். பேரு வேணும்."

பேரைச் சொன்னேன். அந்தக் கண்ணாடித் திரையில் அவன் பேர் எழுத்தெழுத்தாக வந்து உட்கார்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"புகாருக்குக் காரணம்னு நாலு குடுத்திருக்காங்க சார். பொது நலன், பாதுகாப்பு, வருவாய் இழப்பு, மற்றவை. எதைப் போடட்டும்?"

என் காரணம் நாலிலும் இல்லை. "பொது நலன்" என்றேன்.

சின்னச் சக்கரம் ஒன்று கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, தங்கள் புகார் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வாரியத்திடமிருந்து எனக்கு எந்தப் பதிலும் அதுவரை வந்ததில்லை.

பதினோராம் நாள் ஆய்வுக் குழு வந்தது. ஒரு ஜீப்பில் ஏழு பேர். பொறியாளர், அளவு எடுப்பவர், அளவை எழுதுபவர், எழுதியதைச் சரிபார்ப்பவர், ஏணி பிடிப்பவர் இரண்டு பேர், ஓட்டுநர். நான் அன்று விடுப்பு. முன்னறைச் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஏழு பேரும் மேலே ஏறினார்கள். கதவு மூடியது. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் பெட்டியின் சத்தம் நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம் போனது. சாயந்தரம் முகமெல்லாம் தெளிந்து இறங்கி வந்தார்கள். பொறியாளர் ஜீப்பில் ஏறும்போது எழுதுபவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மேலும் ஆய்வு தேவைன்னு எழுதுய்யா."

மறுநாளும் வந்தார்கள். ஓட்டுநர் தலையணை கொண்டுவந்திருந்தார். மூன்றாம் நாள், அலுவலகத்தில் வேலை இல்லாத இன்னும் இரண்டு பேர் நிபுணர்கள் என்று சேர்ந்துகொண்டார்கள். கொழுந்தியாள் பழச்சாறு பிழிந்து பிழிந்து கொடுத்திருக்கிறாள். "பாவம் மாமா, வெயில்ல வந்து எவ்வளவு கஷ்டப்படறாங்க" என்றாள் என்னிடம். ஏசிக்குக் கீழே ஒன்பது பேரும் வரிசையாகக் கண்ணை மூடிப் பெட்டியின் சத்தத்தைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயந்தரம் கடைசியாக மீட்டரை வைத்து அளந்தார்கள். நான் ஏதோ கேட்க வந்தவன் போல் மேல்படியில் நின்றுகொண்டேன். எண்ணைப் பார்த்ததும் பொறியாளர் முகம் மலர்ந்தது. பந்தயத்தில் ஜெயித்த காளையைத் தட்டிக் கொடுப்பது போல் அலமாரியின் பக்கவாட்டைத் தட்டினார்.

"நம்ம பிரிவுலேயே இவ்வளவு இழுக்கிற வீடு ஒண்ணுகூட இல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு இழுப்பு பார்த்ததில்ல. என்ன ஒரு இழுப்பு!" சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கீழ்வீடா? உங்களுது எவ்வளவு இழுக்கும்?" என்றார்.

"ரெண்டு ஃபேன், மூணு லைட்டு சார்."

"ம்" என்றார். என் முதலாளிகூட என்னைப் பார்த்து அப்படி ஒரு 'ம்' சொன்னதில்லை.

அடுத்த வாரம் எனக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு மட்டும்தான் வந்தது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் புகாருக்கு ஆளானவரை விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் புகார் வந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனைவியிடம் கிடங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"நல்ல சட்டையிலயா மூட்டை தூக்கப் போறீங்க?" என்று அவள் கேட்டது கதவைச் சாத்தியபிறகும் காதில் கேட்டது.

விசாரணை அதிகாரி வயதானவர். பக்கத்தில் நம் பொறியாளர். எதிரே எழுத்தர், ஓர் உயரமான கோப்போடு. அதிகாரி என் புகாரை உரக்கப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை இல்ல. இந்தக் காலத்துல இப்படி யாரு எழுதறா?" என்று மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு எழுத்தரைப் பார்த்து, "அந்த மேல்மாடி இணைப்பு யார் பேர்ல இருக்கு?" என்றார்.

எழுத்தர் கோப்பைப் புரட்டி, என் பேரைப் படித்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் வீட்டைக் கட்டியபோது மேல்மாடியைப் பெரிய மகளுக்கும் கீழ்வீட்டைச் சின்ன மகளுக்கும் என்று எழுதினார். மின் இணைப்பையும் அதேபோல மாப்பிள்ளைகள் பேரில் வாங்கி வைத்தார்: மேலே என் பேர், கீழே சகலை பேர். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்து படியேற என்னால் முடியாது என்று, அவர் போனபின் அக்காவும் தங்கையும் வாய்வார்த்தையாக வீட்டை மாற்றிக்கொண்டார்கள். மின் அட்டையையும் கைமாற்றிக்கொண்டோம். அவரவர் எரித்ததற்கு அவரவர் கட்டிவந்தோம். அட்டையில் யார் பேர் இருக்கிறது என்று பத்து வருஷமாக யாரும் பார்க்கவில்லை.

இதை அப்படியே சொன்னேன்.

"அப்ப பேர் மாத்த மனு கொடுத்திருக்கணும்" என்றார் அதிகாரி.

"அப்பவே ஒரு தடவை கேட்டோங்க. இணைப்பு வாங்கின மாமனார் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னாங்க. அவர் இறந்துட்டாருன்னோம்."

"சரி?"

"அப்படீன்னா இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு நேர்ல வரச் சொல்லுங்கன்னாங்க."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர், "விதி பதினொண்ணு" என்றார். அதிகாரி தலையாட்டினார். "ஆமா. அவர் வரலேல்ல? அப்ப தப்பு உங்க பக்கம்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "தம்பி, வாரியம் ஆளைப் பார்க்காது. ஏழையா பணக்காரனா, நல்லவனா கெட்டவனா, மேல இருக்கானா கீழ இருக்கானா, எதையும் பார்க்காது. பேரை மட்டும்தான் பார்க்கும். அதுதான் வாரியத்தோட நடுநிலை. ஆளைப் பார்க்க ஆரம்பிச்சோம்னா அப்புறம் ஒவ்வொரு ஆளையும் பார்க்கணும்."

பொறியாளர் கோப்பில் விரலை வைத்தார். "ஐயா, இதுல இன்னொண்ணு. இவர் பேர்ல மாவு மெஷினுக்குன்னு கூடுதல் லோடு கேட்ட மனு ஒண்ணு இருக்கு. ஆறு மாசம் முன்னாடி சாங்ஷன் பண்ணி, கேபிளும் இழுத்துக் குடுத்தாச்சு."

நான் குறுக்கிட்டேன். "எங்க இழுத்தீங்க?"

"உங்க பேர்ல இருக்கிற இணைப்புக்குத்தான். மேல்மாடிக்கு."

"சார், அதுக்கப்புறமும் நான் நாலு தடவை உங்ககிட்ட வந்தேனே! லோடு இல்ல, லோடு இல்லன்னீங்களே!"

"இல்லதான். அந்தத் தெருவுல இருந்த கடைசி லோடை உங்களுக்குத்தானே குடுத்தோம்? குடுத்தப்புறம் எப்படி இருக்கும்? நீங்க திரும்பத் திரும்ப வந்து கேட்டதும், என்னடா இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆசைன்னு எங்க ஆபீஸ்லேயே பேசிக்கிட்டோம்."

ஆறு மாதம். காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. கட்டைவிரல் தடிமனில் என் தலைக்கு மேலே போன அந்தக் கேபிளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது என் மேலேயே. அவன் அரை மனுவுக்குக் கிடைத்தது என்று நினைத்தேனே, அது என் முழு மனு.

அதிகாரிக்கு இதெல்லாம் வேகமாகத் தெளிவாகிவிட்டது. "ஆக, மாவு மெஷின்னு சொல்லி லோடு வாங்கி சர்வர் ஓட்டியிருக்கீங்க."

"நான் ஓட்டலீங்க!"

"பேர் ஓட்டியிருக்கு" என்று திருத்தினார். "சரி, மேல்மாடி இணைப்பைத் துண்டிச்சுட்டு..."

பொறியாளர் அவசரமாகக் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. "நம்ம புகார்ப் பதிவா? அங்கயா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

ரகசியம் போய்விட்டதால் பொறியாளர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். வாரியத்தின் இணையப் புகார்ப் பதிவை நடத்துகிற வேலை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கம்பெனி அதை ஒரு சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தது. சின்னக் கம்பெனி ஓர் ஆளுக்குக் கொடுத்தது. அந்த ஆள் எங்கள் மேல்மாடியில் இருக்கிறார். வாரியத்துக்கு வருகிற புகார் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆய்வின் இரண்டாம் நாள்தான் குழுவுக்கே இது தெரிந்தது.

எழுத்தர்தான் பேசினார். "லைனைத் துண்டிச்சா பெட்டி நிக்கும். பெட்டி நின்னா புகார் இருக்காது. புகார் இல்லாம துண்டிச்சா அது சட்டவிரோதம். உடனே திரும்பக் குடுக்கணும். குடுத்தா பெட்டி ஓடும். ஓடினா புகார் வந்துடும். வந்தா துண்டிக்கணும்."

"லைன்மேனுக்கு ஓவர்டைம் யாரு குடுக்கிறது?" என்று கேட்டார் பொறியாளர்.

அதிகாரி என் புகாரை மறுபடி எடுத்துக் கண்ணருகே பிடித்துப் படித்தார். மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இருங்கய்யா. புகார் யார் மேல? பேர் போட்டிருக்காரே. இந்தப் பேர்ல இருக்கிற இணைப்பு எது?"

எழுத்தர் புரட்டினார். "கீழ்வீடு."

மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஆணை கால் மணி நேரத்தில் தயாரானது. குற்றம் சாட்டப்பட்டவர் பேரில் உள்ள கீழ்வீட்டு இணைப்பு உடனே துண்டிக்கப்படும். மேல்மாடி இணைப்பில் லோடைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு அந்தப் பேருக்கு உரியவர் அபராதம் கட்ட வேண்டும். பொது நலன் கருதி மேல்மாடிப் பெட்டி தடையின்றி ஓடும்.

"ஐயா, கீழ்வீடு என் வீடுங்க!"

"உங்க பேர்ல இருக்கா?"

"இல்ல..."

"அப்புறம் நீங்க ஏன் பதறுறீங்க?"

அபராதம் என் ஏழு மாதக் கூலி. தவணையில் கட்டலாம் என்றார்கள். முறைகேட்டைத் துணிந்து சுட்டிக்காட்டியதற்காக 'விழிப்புள்ள நுகர்வோர்' என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள். ஆணையையும் சான்றிதழையும் இரண்டு கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார் எழுத்தர். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆணையில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகச் செய்யலாம், இணையத்தில் போடுங்கள் என்றார்கள்.

வாரியம் வேகமாக இயங்கி நான் பார்த்தது அன்றுதான். நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் லைன்மேன் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"மனசே கேக்கல சார்" என்றார் என் தோளைத் தொட்டு. "யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவன் புகார் குடுத்திருக்கான். நல்லா இருப்பானா அவன்?"

உள்ளே மனைவி நின்றுபோன ஃபேனுக்குக் கீழே நின்று என் நல்ல சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறிக்குப் பதிலாக ஒரு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி வீசிக்கொண்டாள். அது சான்றிதழ்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரு ஒயர் இறங்கியது. பின்னாலேயே சகலை வந்தான். ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரைச் சன்னல் கம்பியில் சுற்றி, இரண்டு ஃபேனுக்கும் ஒரு விளக்குக்கும் இணைத்தான். ஃபேன் சுற்றியது. எங்கள் வீட்டில் அது அவ்வளவு வேகமாகச் சுற்றி நான் பார்த்ததே இல்லை.

"வேணாம் சகல, எதுக்கு..." என்றேன்.

"சும்மா இருங்கண்ணே. இடுப்போட இந்தப் புழுக்கத்துல எப்படிப் படுப்பீங்க?" என் கையில் சுருட்டி வைத்திருந்த ஆணையைப் பார்த்தான். "தீர்ப்பு வந்துடுச்சா?"

ஆணையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "என்ன தீர்ப்பு?"

"உங்க புகாருதான். வந்த அன்னைக்கே படிச்சேனே." சாதாரணமாகச் சொன்னான், கடையில் என்ன விலை என்று சொல்வது போல. "மேல பெட்டிக்குத்தானே வருது எல்லாம். டைப் அடிச்சவங்க அவசரத்துல ரெண்டு எடத்துல தப்பாத் தட்டிருந்தாங்க. திருத்தித்தான் அனுப்பினேன்."

"அழிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அதெப்படிண்ணே? வந்ததைப் பத்திரமா வெச்சு அனுப்பறதுதான் என் வேலை. அதுக்குத்தானே காசு வாங்கறேன். அதுவும் போக, நீங்க பொய்யா எழுதினீங்க? வீட்டு லைன்லதான ஓட்டறேன்."

மின்சாரம் சம்பந்தப்பட்ட எத்தனையோ பேரை அந்த ஒன்றரை வருஷத்தில் பார்த்துவிட்டேன். தன் வேலை எது என்று தெரிந்து, அதைச் செய்தவன் இவன் ஒருத்தன்தான். எனக்கு அதுவும் எரிந்தது.

ஆணையை வாங்கிப் படித்தான். லோடு என்னுடையது என்ற இடத்துக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்தான். படித்த வரியையே திரும்பவும் படித்தான். "அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. என் மனுவுக்குத்தான் குடுத்தாங்கன்னு... அரை மனுவுக்கு எவன் குடுப்பான்? எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்." சுருண்ட ஆணையைக் கையால் நீவி நீவி நேராக்கினான். குழந்தைக் கை மாதிரி மெத்தென்று இருக்கிற கை.

மறுநாளே போய் அபராதம் முழுவதையும் கட்டிவிட்டு வந்தான். தவணை வேண்டாம், வட்டி ஏறும் என்றான். லோடைக் கீழ்வீட்டுக்கு மாற்றித் தரச்சொல்லி இரண்டு பேர் பெயரிலும் மனு எழுதினான்; இந்தத் தடவை முழுதாக எழுதினான். மாற்றிக் கொடுத்ததும் பெட்டியை வேறு இடம் பார்த்துக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னான். மனு பரிசீலனையில் இருக்கிறது என்று வாரியம் பதில் போட்டிருக்கிறது. அந்தப் பதிலும் மேலே பெட்டியில்தான் இருக்கிறது. மாவு மெஷின்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்.

நான் கிடங்குக்குப் போய்வருகிறேன். முன்பு கைக்கு வந்த மூட்டையைத் தூக்குவேன். இப்போது சின்ன மூட்டையாகப் பார்த்து எடுக்கிறேன். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். சாயந்தரம் வந்து சகலை கரண்ட் விட்ட ஃபேனுக்குக் கீழே குப்புறப் படுக்கிறேன். மனைவி மேலே போய் குளிர்ந்த கையோடு வந்து தைலம் தேய்க்கிறாள். பெட்டி, ஏசி, என் லோடு எல்லாம் அவனிடம் இருந்தன. இப்போது பெருந்தன்மையும் அவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மனுஷனிடமே எவ்வளவுதான் சேரும்?

வாசல்படியில் எதிரே வரும்போதெல்லாம், "இடுப்பு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கிறான். "பரவாயில்ல சகல" என்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் தொண்டை வரை வருகிறது. வந்து நிற்கிறது. அவன் ஒதுங்கி எனக்கு வழிவிடுகிறான். நான் இறங்கிப் போய்விடுகிறேன்.

அவன் எனக்காகக் கட்டிய ஏழு மாதக் கூலியை அவனுக்கு நான் திருப்பித் தர வேண்டும். இடுப்பு தாங்குகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவேன். ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் இன்னும் ஒரு தவணைகூடக் கட்டவில்லை.